தேயும் பரிசு

அமெரிக்காவில் பெரிய மளிகை அங்காடி ஒன்றிலோ மருந்துக் கடையிலோ நுழைகிறவர், பணம் செலுத்தும் கவுண்டருக்குச் சற்று முன்னால், வண்ண வண்ண அட்டைகள் வரிசை வரிசையாகத் தொங்கும் ஒரு தாங்கியைக் காணாமல் வெளியேற முடியாது. 25, 50, 100 டாலர் என்று தொகை குறித்த அந்தக் கிஃப்ட் கார்டுகளில் ஒன்றை எடுத்துக் கவுண்டரில் பணம் கட்டி, கிறிஸ்துமஸுக்கோ பட்டமளிப்புக்கோ கலியாணத்துக்கோ ஓர் உறையில் இட்டுக் கொடுத்துவிட்டால், இன்ன பொருளை வாங்கித் தருவது என்ற யோசனையின் சிரமம் கொடுப்பவருக்கும், வேண்டாத பொருளை வைத்துக்கொண்டு விழிக்கும் சங்கடம் பெறுபவருக்கும் இல்லாமல் போகிறது. அங்கே வேலையாய்ப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பார்த்துவரப் போகும் பெற்றோருக்கும் இது பழகிப்போன விஷயம். ஆனால் பெற்றுக்கொண்டவர் சில மாதங்கள் கழித்து அந்தக் கார்டை ஒரு கடையில் நீட்டும்போது, நூறு டாலர் இருக்க வேண்டிய இடத்தில் எழுபதோ பன்னிரண்டோ, சில சமயம் வெறும் பூஜ்யமோ இருக்கக் கண்டு திகைத்துப்போய்க் கம்பெனியின் தொலைபேசி எண்ணைச் சுழற்றினால், அவருக்குக் கிடைக்கும் முதல் சமாதானம் பெரும்பாலும் ஓர் எதிர்க்கேள்வியாகவே இருக்கிறது: நிபந்தனைகளைப் படித்தீர்களா? இந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டிய ஆளை விட்டுவிட்டு வேறு ஆளிடம் கேட்கப்படுகிறது என்பதே என் அபிப்பிராயம். பணத்தை வாங்கி வைத்துக்கொண்டவர் யாரோ அவரே கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.

களவும் இல்லாமல் கட்டணமும் இல்லாமல், குறைந்ததுபோல் தோற்றம் மட்டும் தரும் சந்தர்ப்பங்களை முதலில் சொல்லிவிடுவது நியாயம். வீணான மனக்கலக்கம் பல அவற்றால் விளைவதே. விசா, மாஸ்டர்கார்டு முத்திரை கொண்ட கார்டை ஓர் உணவு விடுதியில் கொடுத்தால், பரிசாரகருக்கு வாடிக்கையாளர் எவ்வளவு டிப்ஸ் வைப்பார் என்பது முன்கூட்டித் தெரியாதாகையால், பில் தொகையோடு இருபது சதவீதம் சேர்த்து நிறுத்திவைப்பது அங்கே சாதாரண வழக்கம். 40 டாலருக்குச் சாப்பிட்டவர் அன்றிரவே கார்டைச் சோதித்தால் நூறில் 52 டாலர்தான் மிச்சம் என்று தெரியும். டிப்ஸைக் கையிலேயே கொடுத்திருந்தால், இரண்டொரு நாளில் கணக்கு முடிந்ததும் அது 60 ஆகிவிடும். முழு நூறும் உள்ள கார்டை 90 டாலர் பில்லுக்கு நீட்டினால், இருபது சதவீதம் சேர்த்து 108 ஆகிவிடுவதால், போதிய பணம் கண்முன்னே இருந்தும் கார்டு மறுக்கப்படக் கூடும். பெட்ரோல் பங்கில் இந்தத் தொல்லை இன்னும் பெரிது. பம்பிலேயே கார்டைச் செருகும்போது, எத்தனை காலன் நிரப்புவார் என்று தெரியாத நிலையத்தார் ஒரு பெருந்தொகையை முன்னதாகப் பிடித்துவைக்கிறார்கள்; அதற்கான உச்சவரம்பை அந்த இரண்டு கார்டு கம்பெனிகளும் 2022இல் 125 டாலரிலிருந்து 175 டாலராக உயர்த்தின. கார்டில் அவ்வளவு இல்லையென்றால் பம்பு மறுத்துவிடும். இருந்தாலோ, 15 டாலருக்கு நிரப்பியவரின் பணம் அதைப்போல் பல மடங்கு சில நாள் முடங்கிக் கிடக்கும். உள்ளே போய்க் காஷியரிடம் இத்தனை டாலருக்கு என்று சொல்லிக் கட்டிவிடுகிறவருக்கு இந்த அவஸ்தை இல்லை. இணையத்தில் வாங்கும்போது விலாசம் பொருந்தாமல் வியாபாரம் நிராகரிக்கப்பட்டும், பிடித்துவைத்த பணம் மட்டும் உடனே விடுபடாமல் இருப்பதும் இதே ரகம்.

ஆனால் இவையெல்லாம் போய்த் திரும்பும் பணம். போனது போனதுதான் என்றாகிற பணத்தில் சட்டம் அனுமதித்த பகுதியும் உண்டு. வாங்கும்போது கார்டின் முகத்தொகைக்கு மேல் தனியாக வசூலிக்கப்படும் சில டாலர் கட்டணம் கார்டிலிருந்து கழிவதில்லை. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை, அட்டைக்கும் அச்சுக்கும் செலவு உண்டு. உபயோகிக்காமல் வைத்திருப்பதற்காக மாதந்தோறும் கழிக்கப்படும் கட்டணமே விநோதமானது. ஒபாமா காலத்தில் 2009இல் இயற்றப்பட்டு, பரிசுக் கார்டுகளைப் பொறுத்தவரை 2010 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கிரெடிட் கார்டுச் சட்டம் இதற்கு ஓரளவு கடிவாளம் இட்டது: கார்டிலுள்ள பணம் குறைந்தது ஐந்தாண்டு செல்லுபடியாக வேண்டும், பன்னிரண்டு மாதம் தொடர்ந்து தொடாமல் இருந்தால்தான் இத்தகைய கட்டணம் கழிக்கலாம், அதுவும் மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் கூடாது, இதையெல்லாம் கார்டிலேயே தெரிவிக்க வேண்டும். நல்ல சட்டந்தான். எனினும், கட்டணம் மாதம் இரண்டரை டாலர் என்று வைத்துக்கொண்டால், ஓராண்டு மேசை இழுப்பறையில் உறங்கிய 25 டாலர் கார்டு அடுத்த பத்து மாதத்தில் யாருக்கும் ஒரு குண்டூசிகூட வாங்கித் தராமல் கரைந்துபோவதை இந்தச் சட்டம் தடுப்பதில்லை. நம் ஊர் மொய்க் கவரில் வைத்த நூற்றொரு ரூபாய், பிரிக்க மறந்து பீரோவில் இரண்டு வருஷம் கிடந்தாலும் நூற்றொன்றாகவே இருக்கும். கவர் விற்ற கடைக்காரர் நடுவில் வந்து வாடகை கேட்பதில்லை. ஒரு பொருள் வாங்கியதற்காக இனாமாகக் கிடைக்கும் விளம்பரக் கார்டுகளுக்கோ அந்த ஐந்தாண்டுப் பாதுகாப்பும் கிடையாது. சில மாதங்களிலேயே அவை காலாவதியாகலாம். தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஓரத்துச் சிற்றெழுத்தில்தான் வித்தியாசம்.

எஞ்சிய சில்லறையின் விவகாரமும் இதையொத்ததே. 50 டாலர் கார்டில் 46 டாலருக்கு வாங்கியவரிடம் மிஞ்சும் 4 டாலரைச் செலவழிக்க வேண்டுமானால், ஒன்று அதற்குள் அடங்கும் பொருளைத் தேட வேண்டும், அல்லது இத்தனை இதில், மீதி வேறு கார்டில் என்று காஷியரிடம் முன்னதாகவே சொல்லி, அவரும் பொறுமையாகச் செய்துதர வேண்டும். இணையக் கடைகள் பல ஒரே கார்டைத்தான் ஏற்கும் என்பதால் அங்கே அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. இப்படிப் பல லட்சம் பேர் அலுத்துப்போய் விட்டுவிடும் நாலும் ஐந்தும் எங்கே போகின்றன என்றால், வருமானமாகவே போகின்றன. இனி யாரும் வந்து கேட்கமாட்டார்கள் என்று மதிப்பிட்ட தொகையைக் கம்பெனிகள் கணக்கியல் விதிகளின்படி வருவாயில் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்டார்பக்ஸ் காப்பிக் கம்பெனி 2022, 2023ஆம் நிதியாண்டுகளில் இவ்வகையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 கோடி டாலர் வரவு வைத்திருக்கிறது. அதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ஆனால், வாடிக்கையாளரின் மறதியே வருமானமாகிவிட்ட ஒரு வியாபாரத்தில், அவர் மறக்காமல் இருக்க உதவும் சிரத்தையை யாரிடம் எதிர்பார்ப்பது? கலிபோர்னியா மாநிலம் 2008 முதல், கடைகள் தாமே வெளியிட்ட கார்டில் மிஞ்சிய சிறு தொகையைக் கேட்டால் காசாகக் கொடுத்துவிட வேண்டும் என்று விதித்தது எனக்கு மிகவும் புத்திசாலித்தனமான பரிகாரமாகப் படுகிறது; ஆயினும் பல கடைகளில் செல்லும் விசா, மாஸ்டர்கார்டு ரகக் கார்டுகளை அந்த விதி தொடுவதில்லை.

இனிக் களவு. உறையைப் பிரிக்கும்போதே பூஜ்யமாயிருக்கும் கார்டுகளுக்குக் காரணம் இதுவே. கடைத் தாங்கியில் தொங்கும் கார்டு கவுண்டரில் பணம் கட்டி இயக்கப்படும்வரை வெறும் அட்டைதான் என்பதால் அதற்குக் காவல் கிடையாது. கைநிறைய அள்ளிக்கொண்டு போனாலும் கடைக்கு நஷ்டம் தெரிவதில்லை. அவ்வாறு அள்ளிப்போகும் கள்வர்கள் உறையைப் பக்குவமாகப் பிரித்து, எண்களைக் குறித்துக்கொண்டு, ரகசிய எண்ணை மறைத்திருக்கும் பூச்சைச் சுரண்டிவிட்டு, அதுபோன்றதே ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, புதிது போலவே மூடித் திரும்பவும் கொண்டுவந்து மாட்டிவிடுகிறார்கள். பிறகு கணினி நிரல் ஒன்று அந்த எண்களில் பணம் ஏறியதா என்று ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருக்கும். பேரனுக்கென்று பாட்டி கவுண்டரில் 200 டாலர் கட்டிய சில நிமிஷங்களில், அவர் வண்டி நிறுத்துமிடத்தை அடைவதற்குள்ளாகவே, எங்கோ இருக்கும் ஒருவன் அதைச் செலவழித்து முடித்திருக்கக் கூடும். வேறொரு யுக்தியில், உறையின்மேல் தன் கார்டின் பட்டைக்குறியீட்டை ஒட்டிவிட்டுப் போகிறான். காஷியர் நல்ல எண்ணத்தோடு ஸ்கேன் செய்யும் பணம் அவன் கார்டில் ஏறுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2023ஆம் ஆண்டின் இறுதியில் ரெட் ஹூக் என்ற பெயரில் இதற்கென்றே ஒரு துப்பறியும் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது என்றால், இது தெருமுனைத் திருட்டு அன்று என்பது விளங்கும். போதாக்குறைக்கு, எவ்வளவு மிச்சம் என்று பார்க்கத் தவிப்பவரையே குறிவைத்துப் போலித் தளங்களும் உலவுகின்றன. கார்டு எண்ணையும் ரகசிய எண்ணையும் அங்கே இட்டவர் தம் கையாலேயே சாவியைக் கொடுத்தவராகிறார்.

இந்தக் களவைத் தடுக்கும் வசதி யாரிடம் இருக்கிறது? உறையை எவ்வளவு கனமான காகிதத்தில், எப்படி ஒட்டுவது என்பதைத் தீர்மானிப்பவர் பாட்டி அல்லர். சான் பிரான்சிஸ்கோ நகர வழக்கறிஞர் டேவிட் சியூ 2023 நவம்பரில், வனிலா என்ற பெயரில் கார்டு விற்கும் இன்காம் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கின் சாரம் இதுதான்: எளிதில் பிரிக்கக்கூடிய உறையில் விற்றுவிட்டு, பறிகொடுத்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அதன் உண்மையை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். மேரிலாந்து மாநிலம் வழக்குக்குக் காத்திராமல் 2024இல் சட்டமே இயற்றி, பிரித்தால் தெரிந்துவிடும் உறையில்தான் இத்தகைய கார்டுகளை விற்க வேண்டும் என்று 2025 ஜூன் முதல் கட்டாயமாக்கியது.

உறையைக் காட்டிலும் ஆழமான குறை ஒன்று மைய அரசின் சட்டத்திலேயே இருக்கிறது. கிரெடிட் கார்டைத் திருடி எவனோ செலவழித்தால், 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடிக்கையாளரின் பொறுப்பு 50 டாலரைத் தாண்டாது. டெபிட் கார்டுக்கு, உடனே தெரிவித்தவரைக் காக்க 1978இல் ஒரு சட்டம் வந்தது. மீண்டும் மீண்டும் பணம் நிரப்பும் கார்டு முதலியவற்றுக்கும் 2019 ஏப்ரல் முதல் அந்தப் பாதுகாப்பு விஸ்தரிக்கப்பட்டது. பரிசுக் கார்டு மட்டும் பெயர் சொல்லி விலக்கப்பட்டது. விசா முத்திரை ஒன்றே, வெளியிடும் வங்கி ஒன்றே, கடையில் தேய்க்கும் இயந்திரமும் ஒன்றே. பாதுகாப்பு மட்டும் வேறு. கார்டு யார் கையில் இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது, அது ரொக்கம் போன்றது, தொலைத்தவர் தொலைத்தவர்தான் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். ரொக்கம் என்றால், ரொக்கத்திலிருந்து மாதாமாதம் கழித்துக்கொள்ளும் உரிமை எங்கிருந்து வந்தது? கணக்கு என்றால், கணக்குக்கு உரிய காப்பு எங்கே? லாபத்துக்குக் கணக்காகவும் நஷ்டத்துக்கு ரொக்கமாகவும் ஒரே அட்டையை வைத்துக்கொள்வது நீதியாகாது. கார்டு எந்தக் கடையில், எந்த நிமிஷத்தில் இயக்கப்பட்டது, எத்தனை நிமிஷம் கழித்து எங்கே செலவாயிற்று என்ற விவரம் முழுவதும் கம்பெனியின் ஏட்டில் இருக்கிறது. பறிகொடுத்தவரிடம் இருப்பது, அதுவும் பரிசு கொடுத்தவர் பத்திரப்படுத்தியிருந்தால், ஒரு துண்டு ரசீது. கையிலே சாட்சியம் உள்ளவரே நிரூபிக்க வேண்டும் என்று சுமையை மாற்றி வைத்தால், உறையும் தானே கனத்துவிடும்.

நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2021இல் வெளியிட்ட முன்பணக் கருவிகள் பற்றிய விதிகள் இவ்விஷயத்தில் சற்று மேலானவை என்று சொல்லலாம். பரிசுக் கார்டின் உச்சவரம்பு 10,000 ரூபாய். குறைந்தது ஓராண்டு செல்லுபடியாக வேண்டும். காலாவதிக்கு முந்தைய 45 நாட்களில் வைத்திருப்பவருக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டும். வங்கியல்லாத கம்பெனி எஞ்சிய தொகையைக் காலாவதிக்குப் பின் மூன்றாண்டு வரை தன் லாபத்தில் சேர்க்கக் கூடாது. காலாவதிக்குப் பின் எப்போது வந்து கேட்டாலும் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்த வேண்டும். ஆனால் ஒரு கடை தன் கடைக்கென்றே வெளியிடும் வவுச்சர்கள் இந்த விதிகளுக்கு வெளியே நிற்கின்றன. ஜவுளிக் கடையிலும் நகைக் கடையிலும் நம்மில் பெரும்பாலோர் வாங்கிக் கொடுப்பது அவற்றைத்தான். 2024 டிசம்பர் 31 அன்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று இதையொட்டிச் சிந்திக்கத்தக்கது. காலாவதியாகிப் பயன்படாமல் போன வவுச்சரின் தொகைக்கு ஜிஎஸ்டி இல்லை என்று அது தெளிவுபடுத்தியது. ஏனென்றால் அந்தப் பணத்துக்கு ஈடாகப் பொருளோ சேவையோ யாருக்கும் வழங்கப்படவே இல்லை. எதுவும் வழங்கவில்லை என்று வரி அதிகாரிகளே ஒப்புக்கொண்ட ஒரு தொகையை, வழங்காத கடைக்காரர் வைத்துக்கொள்வதற்கு என்ன முகாந்தரம் உண்டு என்று கேட்பதற்கு நுகர்வோர் விவகார அமைச்சகத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. கேட்பதோடு நில்லாமல், ரிசர்வ் வங்கி மற்றக் கார்டுகளுக்கு விதித்திருப்பதுபோல, கடை வவுச்சரில் எஞ்சியதையும் வாங்கியவர் கணக்குக்கோ வைத்திருப்பவர் கணக்குக்கோ திருப்பியாக வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.