தானாக உயர்ந்தவர் யார்?

அக்கரைப்பற்று மாணவனுக்குச் சுயமுயற்சியைப் போதிக்க விழையும் ஆசிரியருக்கு ஒட்டாரா குணவர்தனவின் கதை கைகொடுக்கும். 1989இல் காரின் பின்பெட்டியில் ஆடைகளை வைத்து விற்கத் தொடங்கியவர் (காரும் ஒருவகை முதல்தானே!) ஒடெல் நிறுவனத்தை உருவாக்கினார். 2010இல் அது கொழும்புப் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. 2014இல் சொஃப்ட்லொஜிக் நிறுவனத்தின் வசமாயிற்று. அவருடைய துணிவையும் அழகுணர்வையும் நாம் மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பெட்டியில் இருந்தவை யாவை? ஏற்றுமதிக்கெனத் தைத்து எஞ்சிய ஆடைகள். 1977இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது; மறு ஆண்டே கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. கிராமங்களை விட்டு வந்து, நெருக்கடியான வாடகை அறைகளில் முடங்கிய இளம் பெண்களின் உழைப்பிலேதான் இந்நாட்டின் ஆடைத் தொழில் வளர்ந்தது. அவர்கள் தைத்ததில் எஞ்சியது ஒருவரின் வணிகத்துக்கு வித்தாயிற்று. அவர்களுக்கு எஞ்சியது என்ன? 2011 மே மாதம் ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்து வலயத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தபோது பொலிஸார் சுட்டனர். ரொஷேன் சானக என்னும் இளந்தொழிலாளி மாண்டார். அதன் பின்னரே சட்டமூலம் கைவிடப்பட்டது.

அதே திறந்த கதவு எமது கரைக்கு என்ன செய்தது? கல்முனைக்கு வடக்கே மருதமுனையில் தலைமுறை தலைமுறையாகச் சாரனும் சேலையும் நெய்தவர்களிடம் திறமைக்குக் குறைவா, உழைப்புக்குக் குறைவா? இறக்குமதித் துணி வெள்ளமெனப் புகுந்தபோது தறிகள் பல ஓய்ந்தன. நூலுக்குக் கடன்பட்டு, தறியைக் கைவிட்டு, வளைகுடா நாட்டுக்குக் கூலியாகப் போன நெசவாளியை முயற்சியற்றவன் என்று சொல்ல எந்த ஆசிரியர் துணிவார்?