நார்மல் ஆயிடுச்சு சார்!

‘பிரஷர் நார்மல் ஆயிடுச்சு சார், மாத்திரையை நிறுத்திட்டேன்.’

தினமும் காதில் விழுகிற அபத்த வசனங்களில் முதல் பரிசு இதற்குத்தான். ஐயா, நார்மல் ஆனதே அந்த மாத்திரையால்தானே? ஃபேன் போட்டதும் வேர்வை நின்றுவிட்டது, இனி ஃபேன் எதற்கு என்று யாராவது சுவிட்சை அணைப்பார்களா?

பக்கத்து ஃபிளாட் பெரியவர் அணைத்தார். ரிட்டயர்டு பேங்க் அதிகாரி. அம்லோடிபின் 5 மில்லிகிராம், தினம் ஒன்று. அது கால்சியத்தைத் தடுக்கிற மாத்திரை என்று யாரோ சொல்லிவிட, எலும்பு தேய்ந்துவிடுமோ என்று முதல் பயம். எலும்புக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ரத்தக்குழாய்ச் சுவரிலிருக்கும் தசைக்குள் கால்சியம் நுழைந்தால் தசை இறுகும். மாத்திரை அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்தி வைக்கிறது. குழாய் தளர்கிறது, அழுத்தம் இறங்குகிறது. அவ்வளவுதான்.

அடுத்த பயம், கால் வீக்கம். இது நிஜம். சிலருக்குக் கணுக்கால் வீங்கும். டோஸ் கூடினால் வீக்கமும் கூடும். டாக்டரிடம் சொன்னால் டோஸைக் குறைப்பார், அல்லது வேறு மாத்திரை எழுதுவார். நம்மவரோ கிட்னி போச்சு என்று தானே தீர்ப்பு எழுதி, மாத்திரையை நிறுத்திவிட்டார்.

இங்கேதான் வில்லங்கம். அம்லோடிபின் உடம்பை விட்டு லேசில் போகாது. ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். திங்கட்கிழமை நிறுத்தியவருக்குப் புதன்கிழமையும் பிரஷர் ஒழுங்காகவே காட்டலாம். ‘பாத்தீங்களா, மாத்திரையே தேவையில்லை!’ பி.காம். படித்தவன் கணக்கில் சொன்னால், சம்பளம் நின்ற பிறகு பழைய இருப்பை எடுத்துச் சாப்பிடுகிற கதை. இருப்பு தீர்ந்து பிரஷர் ஏறும்போது வலிக்காது, தலை சுற்ற வேண்டும் என்றும் கட்டாயமில்லை. ஜெயித்துவிட்ட நினைப்பில் மறுபடி யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்?

காசில்லை என்றும் சொல்ல முடியாது. ரொம்ப மலிவான மாத்திரை இது. 2021-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தர ஆரம்பித்தது தமிழக அரசு. ‘நீங்களா நிறுத்தாதீங்க, கால் வீங்கினா வந்து சொல்லுங்க’ என்று இரண்டு வரி பேசத்தான் எழுதிக்கொடுத்த டாக்டருக்கு நேரமில்லை. அவரையும் நான் விடமாட்டேன்.

ஆறாவது மாதம் பெரியவருக்குப் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பழகுகிறார். போன வாரம் அவர் கொடுத்த செக், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது. முப்பது வருஷம் அவர் வேலை பார்த்த அதே வங்கியிலிருந்து.