புதுப்பதிப்பு நிறுவியபின் திறவாத படம்

வீட்டுக்கு ஒருவரேனும் படத்தொகுப்புச் செய்கின்ற காலம் இது. திருமணமோ, புதுநன்மை விழாவோ, பாட்டனார் பாட்டியாரின் மணவாழ்வுப் பொன்விழாவோ, எடுத்த காட்சிகளை வெட்டிக் கோத்துப் படமாக்கும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையின் தலையில் விழுகிறது. பாதி வேலை முடிந்திருக்கையில், புதுப்பதிப்பு வந்திருக்கிறது, நிறுவலாமா என்று கணினி கேட்கிறது. பிள்ளையும் இசைகிறான். மறுநாள் திறந்தால், காட்சிகள் இருந்த இடமெல்லாம் செந்நிறத் திரை. அதில் கோப்புக் கிடைக்கவில்லை என்னும் அறிவிப்புப் பல மொழிகளில். அல்லது, திறந்த சில நொடிகளில் மென்பொருள் தானே மூடிக்கொள்கிறது. மூன்று வார உழைப்பு பாழாயிற்றே என்று வீடே கலங்குகிறது.

அன்பர்களே, பெரும்பாலும் எதுவும் பாழாகியிருக்காது. உண்மையான இழப்பு நேர்வது அதற்கடுத்த அரைமணி நேரத்தில்தான். பதற்றத்தில் ஒன்றை அழித்து, மற்றொன்றை நீக்கி, பழைய கோப்பின் மேலேயே மீண்டும் சேமித்துவிடுகிறோம்.

தையற்காரரிடம் ஓர் அளவுக் குறிப்பேடு இருக்கும். துணியோ அலமாரியில் இருக்கும். படத்தொகுப்பும் அத்தகையதே. நாம் சேமிக்கும் தொகுப்புக் கோப்பில் காட்சிகள் இல்லை. எந்தக் காட்சி, எந்த நொடி முதல் எந்த நொடி வரை, அது கணினியில் எங்கே இருக்கிறது என்னும் குறிப்புகளே உள்ளன. புதுப்பதிப்பு குறிப்பேட்டைத்தான் தொடுகிறது, துணியைத் தொடுவதில்லை.

ஆனால் குறிப்பேட்டைத் தொடும் விதம் கவனிக்கத்தக்கது. பிரீமியர் புரோவின் புதிய பதிப்பில் பழைய தொகுப்பைத் திறந்தால், அதனைப் புதிய வடிவத்திற்கு மாற்றி வேறொரு கோப்பாகச் சேமிக்க முன்வரும். மாற்றிய கோப்பைப் பழைய பதிப்பு திறவாது. டாவின்சி ரிசால்வ் பணிகளையெல்லாம் ஒரு தரவுத்தளத்தில் வைத்திருப்பதால், புதுப்பதிப்பு அத்தளத்தையே மாற்றியமைக்க அனுமதி கேட்கும். இதுவும் ஒருவழிப் பாதையே. அனுமதி அளிக்குமுன் நகல் எடுத்தவருக்குத் திரும்பும் வழி உண்டு, எடுக்காதவருக்கு இல்லை.

இது வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் நேரும் துன்பமன்று. அமெரிக்காவில் ஃபைனல் கட் புரோ பெரிய திரைப்படங்களுக்கே பயன்பட்டது. 2003-இல் வெளிவந்த ‘கோல்டு மவுன்டன்’ படத்தை வால்டர் மர்ச் அதிலேயே தொகுத்தார். 2011 ஜூன் 21 அன்று ஆப்பிள் நிறுவனம் முற்றிலும் புதிதாக எழுதிய ஃபைனல் கட் புரோ எக்ஸ் பதிப்பை வெளியிட்டது. அதற்கு முந்தைய பதிப்பில் செய்த தொகுப்புகளை அது திறக்கவே இல்லை. பல ஒளிப்பதிவுக் கருவிகளின் காட்சிகளை ஒருங்கே தொகுக்கும் வசதியும் 2012 ஜனவரியில்தான் சேர்க்கப்பட்டது. தொழில்முறைத் தொகுப்பாளர் பலர் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை. பழைய பதிப்பையே பற்றியிருந்தவர்களும் 2017-இல் மேக் இயங்குதளத்தின் ஹை சியாரா பதிப்பை நிறுவியபோது அதை இழந்தனர்.

சரி, இப்போது செய்ய வேண்டியது யாது? முதலில் தொகுப்புக் கோப்பை வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். பிரீமியரில் தானியங்கிச் சேமிப்புக்கெனத் தனிக் கோப்புறை உண்டு. அதையும் சேர்த்து நகலெடுங்கள். பிறகு, பழுது எங்கே என்பதை ஒரு சோதனையால் அறியலாம். புதிதாக ஒரு வெற்றுத் தொகுப்பைத் தொடங்கி, ஒரே ஒரு காட்சியை இட்டு ஓட்டிப் பாருங்கள்.

அதுவும் ஓடவில்லையெனில், குற்றம் உங்கள் படத்தில் இல்லை. மென்பொருளின் அமைப்புகளிலோ வரைகலை அட்டையிலோ இருக்கிறது. பிரீமியரைத் திறக்கும்போது ஆல்ட் விசையை (மேக் கணினியில் ஆப்ஷன் விசையை) அழுத்திப் பிடித்தால் அமைப்புகளைத் தொடக்கநிலைக்குக் கொணரலாம். ஊடகத் தற்காலிகக் கோப்புகளை நீக்குவதும் தீங்கற்றது. மென்பொருள் அவற்றைத் தானே மீண்டும் உண்டாக்கிக்கொள்ளும். வரைகலை அட்டையை ஒதுக்கி, மென்பொருளால் மட்டும் காட்சியை இயக்குமாறு தொகுப்பு அமைப்பில் மாற்றிப் பாருங்கள். மெதுவாகவேனும் சீராக ஓடினால், அட்டையின் இயக்கியே காரணம் என்று பெரிதும் ஐயுறலாம். என்விடியா அட்டையுடையோர், விளையாட்டுக்கான இயக்கியை விடுத்து ஸ்டூடியோ இயக்கியை நிறுவுதல் நலம்.

வெற்றுத் தொகுப்பு நன்றாக ஓடி, பழையது மட்டும் மூடிக்கொண்டால், பழையதை நேரே திறவாமல் புதிய தொகுப்பினுள் இறக்குமதி செய்யுங்கள். பலமுறை இதுவொன்றே போதுமானதாகிறது. வெளியார் செய்த செருகுநிரல்கள், அதாவது எழுத்து அலங்காரம், ஒளிவிளைவு போன்றவை, புதுப்பதிப்புக்கு ஒவ்வாமல் போவதும் உண்டு. அவற்றைத் தற்காலிகமாக அகற்றிச் சோதிக்க வேண்டும்.

சில காட்சிகள் மட்டும் செந்திரையாகத் தெரிந்தால், இருவகைக் காரணங்கள் உண்டு. புறவட்டின் பெயரோ எழுத்தோ மாறியிருந்தால், காட்சி இருக்கும் புதிய இடத்தை மென்பொருளுக்குக் காட்டினால் போதும். இல்லையேல், அக்காட்சியின் வடிவமே கைவிடப்பட்டிருக்கலாம். பழைய குயிக்டைம் வடிவங்கள் பலவற்றைப் பிரீமியர் 2018-இல் கைவிட்டது. அத்தகைய கோப்பை வேறொரு மென்பொருளால் புதிய வடிவத்திற்கு மாற்றிக்கொள்ளலாம்.

இவற்றுள் எதைச் செய்தாலும் ஒருநேரத்தில் ஒன்றையே செய்து, விளைவைப் பார்த்தபின் அடுத்ததற்குச் செல்லுங்கள். ஐந்தையும் ஒருசேரச் செய்து சரியானால், மறுமுறை பழுது வரும்போது எது மருந்து என்று தெரியாமல் திகைப்போம். சில இளைஞர்களுக்கு இப்பொறுமை மட்டும் வாய்ப்பதில்லை!

விழாவுக்கு ஒரு வாரமே இருக்கிறதென்றால், இச்சோதனைகளில் நாள் கழிக்க வேண்டாம். அடோபியின் நிறுவற் பட்டியலில் முந்தைய பதிப்பு கிடைக்கும். ரிசால்வின் பழைய பதிப்புகளை அதன் நிறுவனமே தருகிறது. பழையதை நிறுவி, மாற்றப்படாத பழைய தொகுப்புக் கோப்பைத் திறந்து, பொன்விழாப் படத்தை முதலில் முடித்துத் தாருங்கள். புதுப்பதிப்பை விழா முடிந்த மறுவாரம் பார்த்துக்கொள்ளலாம்.