கறுப்புத் தண்ணீரை வெளுக்கிறவர்கள்

தண்ணீரில் தெரியும் மரத்தைப் படம் பிடிக்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பிடித்த படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, மேலே நிற்கிற மரத்துக்கும் கீழே தெரிகிற மரத்துக்கும் ஒரே பிரகாசம் வரும்படி சரிக்கட்டுகிறார்களே, அவர்களோடுதான் சண்டை. நடுவில் மிதக்கும் நாலு சருகையும் துடைத்துவிடுகிறார்கள். பிறகு படத்தைத் தலைகீழாகப் பிடித்து, 'இதில் எது நிஜம், எது நிழல், சொல்லுங்கள் பார்க்கலாம்' என்று கேட்கிறார்கள். நாம் திகைக்கிறோம், கை தட்டுகிறோம். குழந்தைகளுக்கு வேடிக்கை காட்ட இது போதும். ஒரு சதுப்பு நிலத்தின் விஷயத்தில் இது வேடிக்கை இல்லை, பொய் சாட்சி.

எந்தச் சதுப்பு நிலம் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில், ஜார்ஜியா மாகாணத்தின் தென்கிழக்கு மூலையில், கொஞ்சம் ஃபுளோரிடாவுக்குள்ளும் காலை நீட்டிக்கொண்டு, ஒக்கிஃபெனோக்கி என்று ஒன்று கிடக்கிறது. பரப்பு 4 லட்சம் ஏக்கருக்கு மேல். 'நடுங்கும் நிலம்' என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வது வழக்கம். மக்கிய செடிகொடிகள் சில இடங்களில் 15 அடி கனத்துக்குப் படிந்திருக்கின்றன. அதன்மேல் காலை வைத்தால் பக்கத்துப் புதரும் சேர்ந்து ஆடும்.

நிழல் பிடிக்கிறவர்களுக்கு அங்கே நவம்பர் கடைசிதான் முகூர்த்தம். காரணம் உண்டு. அங்குள்ள சைப்ரஸ், ஊசியிலை வர்க்கத்தில் பிறந்தும் இலையுதிர்க்கிற மரம். உதிர்வதற்கு முன்னால் இலையெல்லாம் துருப்பிடித்த இரும்பின் நிறத்துக்கு வந்துவிடும். கிளைகளிலிருந்து கிழவர் தாடி போல நரைத்துத் தொங்குவதைப் பாசி என்று அங்கே சொல்கிறார்கள். உண்மையில் அது அன்னாசிக் குடும்பத்துச் செடி. அந்த நாட்களில் உச்சிப் பொழுதில்கூடச் சூரியன் 40 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. வெயில் தலையில் விழாமல் பக்கவாட்டில் வந்து அடிமரத்தைத் தொடுகிறது.

தண்ணீரோ கறுப்பு. அழுக்கினால் வந்த கறுப்பு அல்ல. உதிர்ந்த இலையும் மக்கிய வேரும் ஊறி ஊறி இறங்கிய சாயம். ஒரு டம்ளரில் மொண்டு பார்த்தால் பால் விடாத டீ மாதிரி இருக்கும். பரந்து கிடக்கும்போது மை. இந்தக் கறுப்புதான் நிழலைத் தருகிறது. நம் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் பகலில் தெருவும் ராத்திரியில் நம் முகமும் தெரிவது ஏன்? ராத்திரியில் வெளியிலிருந்து வெளிச்சம் வருவதில்லை, அதனால்தான். தெளிந்த ஓடையில் அடிமணல் எட்டிப் பார்த்து நிழலைக் கெடுத்துவிடும். இங்கே அடியிலிருந்து ஒரு கீற்று வெளிச்சமும் எழும்பி வருவதில்லை. எத்தனையோ தலைமுறை இலைகளின் சாவுதான் அந்தக் கண்ணாடிக்கு ரசம் பூசியிருக்கிறது.

ஆகவே கீழே தெரியும் மரம் மேலே நிற்பதைவிட மங்கலாகத்தான் இருக்கும். நேர் கீழே குனிந்து பார்த்தால், தண்ணீர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் 100க்கு 2 பங்கைத்தான் திருப்பித் தருகிறது. பார்வை சாயச் சாயப் பங்கு கூடும். ஆனாலும் முழுவதையும் ஒருநாளும் தராது. மிச்சத்தைச் சதுப்பு எடுத்துக்கொள்கிறது. அப்படி எடுத்துக்கொண்ட பங்குதான், ஐயா, அந்தப் படத்தில் சதுப்பு நிலம் இருக்கிற இடம்! அதைக் கம்ப்யூட்டரில் போட்டு வெளுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு மரங்கள். சதுப்பைக் காணோம்.

நிழல் என்றால் நகல் என்ற நினைப்பே இதற்கெல்லாம் மூலம். 'இலக்கியம் வாழ்க்கையின் கண்ணாடி' என்று மேடைதோறும் முழங்குகிற விமர்சகர்களுக்கும் இதே நினைப்புதான். அவர்கள் ஒரு குளக்கரையில் ஐந்து நிமிஷம் சும்மா நின்றிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். படகில் உட்கார்ந்திருப்பவரின் கண் தண்ணீருக்கு 3 அடி மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிழல் காட்டுவது, தண்ணீருக்கு 3 அடி கீழே ஒரு கண் இருந்து அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ அதை. இலையின் அடிப்புறம், கிளையின் வயிறு. மேலே புதருக்குப் பின்னால் தலை காட்டுகிற தூரத்து மரம் கீழே மறைந்தே போகும். இரண்டு வேறு பார்வைகள். இரண்டையும் சமமாக்குகிறவர் ஒன்றைக் கொல்கிறார்.

நம் பாஷை இதை அறிந்திருக்கிறது. மரத்தடி இருட்டும் நிழல், நீரில் தெரியும் உருவமும் நிழல், போட்டோவும் நிழற்படம். இருட்டு சேராத நிழலை நம் முன்னோர் நினைத்துப் பார்க்கவில்லை.

'அழகுக்காகச் செய்கிறோம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?' என்பார்கள். சொல்கிறேன். ஒக்கிஃபெனோக்கியின் கிழக்கு வாசல் வழியே படகில் போகிறவர்கள் நிழல் பிடிக்கிற அந்த நேர்கோட்டு நீர்ப்பாதை இயற்கை போட்டதல்ல. 1891இல் ஒரு கம்பெனி அந்தச் சதுப்பை அரசாங்கத்திடம் விலைக்கு வாங்கி, தண்ணீரை வடித்துவிட்டு விளைநிலமாக்கப் போவதாக வெட்டிய கால்வாய். 11 மைலுக்கு மேல் வெட்டினார்கள். சதுப்பு வடியவில்லை, பணம்தான் வடிந்தது. பிறகு வந்த கம்பெனி ரயில் பாதை போட்டு, 1909 முதல் 1927 வரை சைப்ரஸ் மரங்களை வெட்டிக் கொண்டுபோயிற்று. 1937இல்தான் அது வனவிலங்குப் புகலிடமாயிற்று. அத்தோடு ஆபத்து தீர்ந்ததா? கிழக்கே அந்தத் தண்ணீருக்குக் கரைபோல நிற்கும் மணல்மேட்டில், டைட்டானியம் தோண்டுவதற்கு 2019இல் ஒரு நிறுவனம் அனுமதி கேட்டது. வருஷக்கணக்கான வழக்கும் வாதமும் நடந்து, 2025இல் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அந்த நிலத்தை விலை கொடுத்து வாங்கிய பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கிற்று.

இவர்கள் யாரும் சைப்ரஸ் மரத்தை வெறுக்கவில்லை. மரம் அவர்களுக்கு வேண்டித்தான் இருந்தது. மண்ணும் வேண்டியிருந்தது. நடுவில் கிடந்த கறுப்புத் தண்ணீர் மட்டும்தான் வேண்டாத வஸ்து. அந்தக் கறுப்பைப் படத்திலிருந்து துடைக்கிறவரும் மரத்தை நேசிக்கிறவர்தான். ஒரு படத்தால் சதுப்பு வற்றிவிடாது, வாஸ்தவம். ஆனால் அதை வைத்துக்கொள்வதா, வடிப்பதா என்று முடிவு செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் படத்தில்தானே பார்த்திருப்பார்கள்?

டைட்டானியம் எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அதிலிருந்து கிடைப்பது வெள்ளைச் சாயம். சுவருக்குப் பூசும் பெயின்டில் இருக்கிறது, பல் தேய்க்கும் பசையில் இருக்கிறது. கறுப்புத் தண்ணீரை வெளுத்து இவர்கள் அச்சிடுகிற வழவழப்பான போட்டோ காகிதத்தின் பளீர் வெள்ளையிலும் இருக்கிறது.