அழிச்சாலும் அழியாது

"போட்டோ எடுத்தியா? என் கண்ணு முன்னால அழி!"

சேரிப் பையன் கையில் கேமரா இருந்தால் காக்கிச் சட்டைக்கும் பொறுக்காது, வெள்ளை வேட்டிக்கும் பொறுக்காது. நாலு பேர் சுற்றி நின்றால் அவனும் அழிக்கத்தான் செய்வான். வீட்டுக்கு வந்து "எல்லாம் போச்சு"ன்னு தலையில் கை வைக்கிறான். போகவில்லை தோழர்களே. அதைச் சொல்லத்தான் தருமபுரத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

எங்கள் காரைக்காலுக்குத் தெற்கே கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் கொளுத்தினார்கள். பணக்கார மிராசுதார்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியாதாம்! உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கூலிக்காரன் கண்ணால் பார்த்தது சாட்சியில்லை.

2015-ல் கோகுல்ராஜ் கொலை. முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். திருச்செங்கோடு கோயில் கேமரா பிறழவில்லை. 2022-ல் மதுரை நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2023-ல் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது.

படத்தின் பலம் அதிகாரத்துக்கு நன்றாகத் தெரியும். 2020-ல் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டது என்ன? ஹார்டு டிஸ்கில் 1 டெராபைட் இடம் இருந்தும், பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது. எத்தனை நிலையத்தில் இருக்கு? போய்க் கேளுங்கள்.

அழிப்பது என்றால் என்ன? பண்ணைக் கணக்கில் பேரை அடித்துவிட்டால் ஆள் செத்துவிடுவானா? அதேதான். மெமரி கார்டில் ஒரு பட்டியல் இருக்கிறது. அழித்தால் அதில் 'இந்த இடம் காலி' என்று குறி விழும். படம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அதன்மேல் புதுப்படம் விழுந்தால்தான் சாவு.

ஆகவே முதல் வேலை, அதற்குமேல் ஒரு படம்கூட எடுக்காதே. கார்டைக் கழற்று. பெரிய எஸ்டி கார்டில் பக்கவாட்டில் பூட்டு இருக்கும், தள்ளிவிடு. கம்ப்யூட்டரில் கார்டை முழுசாக நகலெடுத்து, நகலில் தேடு. போட்டோரெக் என்ற மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது. மீட்டதை அதே கார்டில் போடாதே, வேறு டிரைவில் போடு.

செல்போனின் உள் நினைவகம் வேறு கதை. முதலில் குப்பைத் தொட்டியைப் பார், பெரும்பாலும் 30 நாள் கிடக்கும். அதுவும் காலியானால் மீட்பது மிகக் கடினம். அதனால் செல்லிலும் கார்டில் சேமிக்கப் பழகு.

வழக்குக்குப் போகிற கார்டை நோண்டாதே. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு சான்றிதழும் ஹாஷ் எண்ணும் கேட்கிறது. மூலக் கார்டை உறையிலிட்டு, சாட்சி வைத்து, ரசீது வாங்கிக்கொண்டு கொடு.

நம்மையும் கேட்கிறேன். தலைவர் மாலை போட்ட படத்தைச் சட்டம் போட்டு மாட்டுகிறோம். எரிந்த குடிசைப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, இடம் போதலைன்னு நாமே அழிக்கிறோம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த நேரத்தையும் உரித்துவிடும். இது யார் செய்த துரோகம்?

கிளைக்கு ஒருத்தன், ஒருத்தி இந்த வேலையைக் கத்துக்கணும். அவன் அழிக்கச் சொல்லட்டும். அன்னைக்கு ராத்திரியே நாம மீட்டெடுப்போம்.