கார்டு அவர் பர்ஸில், கடன் பக்கத்து வீட்டில்!

என் வயது 37. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி விட்ட இல்லத்தரசி நான். எனக்கு நேர்ந்த அனுபவம், மற்ற சகோதரிகளுக்கும் பயன்படுமே என்று தான் இதை எழுதுகிறேன்.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கிய போது, எனக்கும் மாதம் 1,000 ரூபாய் வர ஆரம்பித்தது. கணக்கு என் பெயரில். பணமும் என் பெயரில். ஆனால், ஏ.டி.எம். கார்டு மட்டும் என் வீட்டுக்காரர் பர்ஸில்! 'வெயில்ல நீ ஏன் அலையுற... நானே எடுத்துட்டு வந்துர்றேன்' என்பார். அன்பாகத் தான் சொன்னார். ஒரு ரூபாய் குறையாமல் கையில் கொடுத்தும் விடுவார். எனக்கும் அது சுலபமாக இருந்தது. ரகசிய எண் என்னவென்று கூட நான் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு அவர் கட்டட வேலைக்கு வெளியூர் போயிருந்தார். கார்டும் கூடவே போய் விட்டது. ஒருநாள் ராத்திரி, மகளுக்கு அனலாய்க் காய்ச்சல். என் கையில் இருந்ததோ 40 ரூபாய். அவருக்குப் போன் போட்டால், 'சுவிட்ச் ஆப்' என்று வந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் 500 ரூபாய் கடன் வாங்கி, ஆட்டோ பிடித்து ஓடினேன். என் கணக்கில் பணம் சும்மா கிடக்க, நான் அடுத்த வீட்டு வாசலில் நின்றேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மறுநாள் விஷயம் தெரிந்து பதறிப் போன என்னவர், 'பக்கத்து வீட்டுத் தம்பி போனுக்கு அனுப்புறேன், வாங்கிக்க' என்றார். 'வேணாங்க, நானே பேங்குக்குப் போய் எடுத்துக்கிறேன்' என்று சொல்லி, பாஸ் புத்தகத்தோடு கிளம்பினேன்.

முதல் சீட்டில், தொகையை எண்ணால் ஒன்றும் எழுத்தால் வேறொன்றுமாக எழுதி விட்டேன். இரண்டாவது சீட்டில் கையெழுத்து ஒத்துப் போகவில்லை. 'வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?' என்று கவுன்டரில் இருந்தவர் சலித்துக் கொண்டார். வரிசையில் பத்துப் பேர் பார்க்க, கண் கலங்கி விட்டது. வீட்டுக்குத் திரும்பி விடலாமா என்று கூடத் தோன்றியது. ஆனாலும், மூன்றாவது சீட்டை வாங்கி நிதானமாய் எழுதினேன். பணம் கைக்கு வந்தது. முதலில் அக்கா கடனை அடைத்தேன்.

இதை அம்மாவிடம் சொன்ன போது, 'ஏத்தா, மூணு சீட்டுக்கே அழுதியாக்கும்? நான் சைக்கிள் பழகுறப்ப எத்தனை தரம் விழுந்தேன் தெரியுமா?' என்று சிரித்தார்.

எங்களுடையது புதுக்கோட்டை மாவட்டம். 1991ல், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த போது, அறிவொளி இயக்கம் இங்கே எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டப் பழகினர். என் அம்மாவும், மாமாவின் பெரிய சைக்கிளில், ஊரே கேலி பேச, முட்டியைத் தேய்த்துக் கொண்டு பழகியவர். அப்பாவின் பின்னால் உட்கார்ந்து போவது தான் அவருக்குச் சுலபம். ஆனால் பழகிய பிறகு, சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக, அவர் யார் வரவுக்கும் காத்திருக்கவில்லை. அவர் பெற்ற மகள் நான், கார்டைக் கொடுத்து விட்டு உட்கார்ந்திருந்தேன்!

கஷ்டப்படுவது தான் பெருமை என்று நான் சொல்ல வரவில்லை. மிக்ஸி இருக்கும் போது அம்மியைத் தேட வேண்டாம். ஆனால், மிக்ஸி நம் வேலையைத் தான் குறைக்கிறது. நமக்காக அடுத்தவர் பேங்குக்குப் போவதோ, நம் அறிவையே குறைத்து விடுகிறது. இந்த வித்தியாசத்தை உணர, எனக்கு ஒரு ராத்திரி காய்ச்சல் தேவைப்பட்டது.

இப்போது கார்டு என்னிடம். ரகசிய எண்ணையும் நானே மாற்றிக் கொண்டேன். என்னவருக்கு இதில் கொஞ்சமும் வருத்தமில்லை. 'ஒரு அலைச்சல் மிச்சம்' என்கிறார். அடுத்த மாதம் மகளையும் பேங்குக்கு அழைத்துப் போய், சீட்டு எழுதப் பழக்கப் போகிறேன்.

சகோதரிகளே... உங்கள் கார்டு யாரிடம் இருக்கிறது? இன்றே கேட்டு வாங்குங்கள். முதல் சீட்டு தப்பானால் தான் என்ன, கவுன்டரில் இன்னொரு சீட்டு தராமலா போய் விடுவார்கள்!

— ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்.