தோத்த கேமைக் காப்பாத்தணும்னா முதல்ல மூடணும்

ஒரு ஆன்லைன் கேம் ஊத்திக்கிச்சுன்னா கம்பெனி வழக்கமா என்ன செய்யும்னு உங்களுக்கே தெரியும். ஒரு பேட்ச் விடும். அடுத்த மாசம் இன்னொரு பேட்ச். புதுசா நாலு ஸ்கின், கொஞ்சம் தள்ளுபடி, "உங்கள் கருத்துகளைக் கவனத்தில் கொண்டுள்ளோம்" என்று ஓர் அறிக்கை. கடைசியில சத்தமில்லாம சர்வரை அணைச்சிட்டுப் போயிடும். இந்த ஒட்டுப்போடுற பழக்கம்தான் பாதி கேம்களைக் கொல்லுதுன்னு நான் நினைக்கிறேன்.

நம்ம ஹாஸ்டல்ல ரீலாஞ்ச்னு சொன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது பப்ஜி. 2020 செப்டம்பர்ல தடை, 2021 ஜூலைல பிஜிஎம்ஐ என்ற பேர்ல திரும்பி வந்தது. ஆனா அது வேற கணக்கு. கேம் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்தது. சட்டையை மாத்திக்கிட்டு வந்தது, அவ்வளவுதான். கேமே சரியில்லாம, ஆடுறவங்களே கழுவி ஊத்தின பிறகு திரும்பி வர்றதுதான் கஷ்டம். அப்படி வந்ததுக்கு எனக்குத் தெரிஞ்ச சிறந்த உதாரணம் ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் வெளியிட்ட ஃபைனல் ஃபேண்டசி 14.

2010 செப்டம்பர்ல வெளிவந்தது. பார்க்க அழகு. ஆட ஆரம்பிச்சா தலைவலி. மெனுவைத் திறந்தாலே சர்வர் வரைக்கும் போய்ட்டு வர்ற தாமதம். காட்டுல நடந்தா அதே பாறை, அதே மேடு, காப்பி பேஸ்ட் பண்ணின மாதிரி திரும்பத் திரும்ப வரும். ஒரு வாள் வாங்கணுமா? தேடுற வசதி கிடையாது. கடைத்தெருவுல நிக்கிற ஒவ்வொரு விற்பனையாளரா போய்க் கேட்டுப் பார்க்கணும். இதெல்லாம் போதாதுன்னு, ஒரு வகுப்புல வாரத்துக்கு 8 மணி நேரத்துக்கு மேல ஆடினா அனுபவப் புள்ளிகள் குறைய ஆரம்பிக்கும். காசு கொடுத்து ஆட வந்தவனை "போதும், போய்ப் படு" என்று சொன்ன கேம்!

அந்த டிசம்பர்லயே நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். தயாரிப்பாளர் விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர் நவோகி யோஷிதா. அவர் 2014 ஜிடிசி மாநாட்டுல, பழைய கேம் ஏன் தோத்ததுன்னு மூணு காரணம் சொன்னார். கிராபிக்ஸ் மேல அளவுக்கு மீறின மோகம். அணியில இந்த வகை கேம்களை ஆடிப் பழகினவங்க போதாதது. எதுவா இருந்தாலும் பின்னாடி பேட்ச்ல பார்த்துக்கலாம் என்ற மனநிலை. முதல் காரணத்துக்கு அவர் காட்டின உதாரணம் ஒரு பூந்தொட்டி. அந்த ஒரு தொட்டிக்கு 1000 பாலிகன், 150 வரி ஷேடர் கோடு. ஆடுறவரோட கேரக்டருக்கே அவ்வளவுதான் இருந்ததாம்.

மூணாவது காரணத்தைப் படிக்கும்போது உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூ ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை.

இங்கதான் எனக்குப் பிடிச்ச பகுதி வருது. ஓடிக்கிட்டிருக்கிற கோடைத் தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து எழுதாதேன்னு சாஃப்ட்வேர் உலகத்துல ஒரு பழைய அறிவுரை உண்டு. நெட்ஸ்கேப் அப்படி எழுதப் போய்த்தான் பிரவுசர் போட்டியில நாசமா போச்சுன்னு சொல்வாங்க. பொதுவா அந்த அறிவுரை சரிதான். ஆனா கோளாறு எங்க இருக்குன்னு பார்க்காம அதையே மந்திரம் மாதிரி சொல்லக்கூடாது. இந்த கேம்ல விரிசல் சுவத்துல இல்ல, அஸ்திவாரத்துல இருந்தது. சர்வர் அமைப்பு, எஞ்சின், வரைபடம் மூணுமே தப்பு. அங்க எந்த பேட்ச்சும் எட்டாது.

யோஷிதா ரெண்டையும் ஒரே நேரத்துல செஞ்சார். ஒரு பக்கம் புது எஞ்சின், புது சர்வர்னு முழுசா வேற கேம். இன்னொரு பக்கம் சாகப்போற பழைய கேமுக்கும் தொடர்ந்து திருத்தங்கள். மூடப்போற கடைக்கு எதுக்கு வெள்ளையடிக்கணும்னு நீங்க கேக்கலாம். புதுசா கட்டிக்கிட்டிருக்கிறதை இப்போதைக்கு யாருக்கும் காட்ட முடியாது. வேலை நடக்குதுன்னு ஜனங்க நம்புறதுக்குக் கையில இருந்த ஒரே சாட்சி பழைய கேம்தான். தயாரிப்பாளர் கடிதம்னு தொடர்ந்து எழுதி, என்ன உடைஞ்சிருக்கு, எது எப்ப சரியாகும்னு அவரே நேரா சொல்லிக்கிட்டும் இருந்தார்.

ஆரம்பத்துல நிறுத்தி வெச்சிருந்த மாதக் கட்டணத்தை 2012 ஜனவரில வசூலிக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடியே, 2011 அக்டோபர்ல, புது கேம் வரப்போகுதுன்னு அறிவிச்சாச்சு. போகப்போறதுன்னு தெரிஞ்ச கேமுக்கு ஜனங்க காசு கட்டினாங்க! 90 நாள் கட்டணம் செலுத்தினவங்களுக்குப் புது கேம்ல நிரந்தரமா குறைஞ்ச கட்டணம். கேரக்டருக்கு ஒரு பச்சை குத்தல். முக்கியமா, கேமோட இறுதிப் பெயர்ப் பட்டியல்ல அவங்க பேர். நம்பி நின்னவங்களுக்கு கம்பெனி கடன்பட்டிருக்குன்னு ஒத்துக்கிட்ட இடம் அது. பழைய ஆட்களை மறந்துட்டுப் புது ஆட்களுக்கு போனஸ் கொடுக்கிற நம்ம ஊர் ரீசார்ஜ் பிளான்களோட ஒப்பிட்டுப் பாருங்க.

மூடின விதத்தையும் சொல்லணும். தாலமுத் என்கிற சிவப்பு நிலா மாசக்கணக்கா கேம் வானத்துல பெருசாகிக்கிட்டே வந்தது. 2012 நவம்பர் 11 அன்னிக்கு சர்வர் நின்னதும் ஒரு காணொளி: நிலா உடையுது, உள்ளேயிருந்து பகாமுத் என்கிற டிராகன் வெளியே வந்து உலகத்தையே எரிக்குது. புது கேமோட கதை அதுக்கு 5 வருஷம் கழிச்சுத் தொடங்குது. அதனால பழைய கேம் நடக்கவே இல்லைன்னு யாரும் மழுப்பல. அது அந்த உலகத்தோட வரலாறாயிடுச்சு. ஆடினவங்க செலவழிச்ச நேரம் குப்பைக்குப் போகலை.

இதைப் பார்த்துட்டு எல்லா கேமும் இப்படி வரலாமேன்னு கிளம்பிடாதீங்க. பணம் வேணும். 2019ல வந்த ஆந்தம் கேமை பயோவேர் ஸ்டுடியோ மாத்தியமைக்கப் பார்த்தது. ஏறக்குறைய 30 பேர் கொண்ட சின்ன அணி. 2021 பிப்ரவரில அதை ரத்து பண்ணிட்டாங்க. ஸ்கொயர் எனிக்ஸுக்கோ வேற வழியில்ல. அவங்க குடும்பப் பேரே சந்தி சிரிச்சுக்கிட்டு இருந்தது. அதோட, ரெண்டு கேமுக்கும் சேர்த்து உழைச்சவங்க தூக்கத்தை யார் கணக்கு வெச்சாங்க? அடுத்த வருஷம் நம்மள்ல பாதிப் பேர் யாரோ எழுதி வெச்ச பழைய கோடுக்குக் காவல்காரனா போகப்போறோம். "ஒட்டுப்போட்டா போதும், ரெண்டு நாள்ல முடி" என்று மேனேஜர் சொல்வார். விரிசல் சுவத்துலயா அஸ்திவாரத்துலயான்னு அன்னிக்கு ஒருத்தராவது வாயைத் திறந்து கேக்கணும். புதுசா சேர்ந்தவன் கேட்டா எடுபடாதுன்னு சொல்லாதீங்க. பக்கத்துல இருந்து அந்த கோடைத் தினம் பார்க்கிறவன் அவன்தான்.

2013 ஆகஸ்ட் 27ல புது கேம் வந்தது. உடனே சர்வர் திணறியது, இந்த முறை கூட்டம் தாங்காம. அப்ப அவங்க செஞ்சது, டிஜிட்டல் விற்பனையையே தற்காலிகமா நிறுத்தினது. 2021 டிசம்பர்ல ஒரு விரிவாக்கம் வந்து அதே நெரிசல் ஏற்பட்டப்பவும் விற்பனையை நிறுத்தினாங்க. ஏற்கெனவே கட்டணம் செலுத்தினவங்களுக்குக் கூடுதல் நாட்கள் இலவசமா கொடுத்தாங்க. 2010ல கேம் தயாராகாமலே வித்த அதே கம்பெனி, வாங்க வந்தவங்களை வாசல்ல நிறுத்தி "இப்ப வேண்டாம், அப்புறம் வாங்க" என்று சொன்னது.